உச்சாணி பாடின பாட்டு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்குப் போகும்போது, வரிசையில் கூப்பிடுகிற நர்ஸ் வாயிலிருந்து மட்டும்தான் அது வெளியே வரும். அப்போதுகூட அவர் இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகே எழுந்திருப்பார்.

வேலை இடத்தில் அவர் உச்சாணி. கட்டடம் கட்டுகிற இடங்களில் வானத்துக்கு நடுவே ஒரு நீளக் கையை நீட்டிக்கொண்டு நிற்குமே டவர் கிரேன், அதை ஓட்டுகிறவர். காலையில் ஏணி ஏறி உச்சியிலுள்ள கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் தரையைத் தொடுவார். "உச்சாணிக் கொம்புல உட்கார்ந்திருக்காரு, நாமெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிவோமா" என்று சாரம் கட்டுகிற ஒருவர் என்றோ வயிற்றெரிச்சலில் சொன்னார். அன்று ஒட்டிய பெயர். அதற்குப் பிறகு அவர் எந்த வேலைக்கு மாறினாலும், அவருக்கு முன்னாலேயே அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். "மேல எனக்கு என்ன பயம்? கீழ ரோட்டைக் கிராஸ் பண்றதுக்குத்தான் பயம்" என்பார் டீக் குடிக்கும் இடத்தில். ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், முட்டையை வைக்கிற மாதிரி மொட்டை மாடியில் வைப்பார். அந்தக் கைக்காகவே அவரைத் தேடி வந்து வேலை கொடுத்தார்கள். அதை நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ளவும் அவர் கூச்சப்பட்டதில்லை.

அவர் மனைவி தைக்கிற வேலை செய்கிறவர். வீட்டு முன்னறையிலேயே மெஷின். சட்டை, பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, டயர் கடைக்கு மேல்மாடியில் வாடகை ஹாலில் நடக்கிற ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுவார். அங்கே ஆர்கன் கிடையாது, மணி கிடையாது. டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு. ஜீன்ஸ் போட்ட பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். சுவரில் பெரிய திரையில் பாட்டு வரிகள் ஓடும்.

உச்சாணி வளர்ந்தது வேறு மாதிரி சபையில். அங்கே பாட்டுகள் மெதுவாக, முதுகை நிமிர்த்தி நடக்கும். சின்ன வயதில் அவர் பெஞ்சில் தூங்கி வழிய, அம்மா தொடையில் கிள்ளி எழுப்புவார். வளர்ந்ததும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் உள்ளே போகிற ஆளாகிவிட்டார். ஆகவே மனைவியின் மேல்மாடிப் பாட்டுகள் மேல் அவருக்கு ஓர் இளக்காரம்.

"உங்க ஆண்டவருக்குக் காது மந்தமா? இவ்வளவு டிரம்ஸ் எதுக்கு?" என்று கேட்பார்.

"அவருக்கு நல்லாத்தான் கேக்குது. உங்களுக்குக் கேக்கட்டும்னு அடிக்கிறாங்க" என்பார் அவர், தலையைத் தூக்காமல், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

இந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. மனைவியின் தம்பி. இருவருக்கும் அவன் சின்னவன். அம்மா போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நடக்கக்கூடத் தெரியாது. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போதும் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். உச்சாணியை மாமா மாமா என்று சுற்றிவந்தவன், படிப்பு ஏறாமல், கடைசியில் மாமாவின் வேலை இடத்துக்கே வந்து சேர்ந்தான். கிரேனுக்குச் சிக்னல் சொல்கிற வேலை. இப்போது பக்கத்துத் தெருவில் தனி அறை எடுத்துத் தங்கியிருந்தாலும், சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

அந்த வேலையை அக்கா விரும்பவில்லை. அவள் முகம் தொங்கியதைப் பார்த்து உச்சாணிதான் வாக்குக் கொடுத்தார்.

"என் கொக்கிக்குக் கீழதானே நிக்கப்போறான்? அவன் மேல ஒரு தூசி விழ விடுவேனா? என்னை நம்பு."

அவள் நம்பினாள்.

சிக்னல் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கூண்டில் இருப்பவருக்கு எல்லா இடமும் தெரியாது. கட்டடத்துக்குப் பின்புறம் சுமையை இறக்கும்போது, கம்பி வடம் சுவருக்கு அப்பால் போய் மறைவதுதான் தெரியும். கொக்கி எங்கே தொங்குகிறது, கீழே யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் குருட்டாம்போக்கு. அப்போது கீழே நிற்கிறவன் வாக்கிடாக்கியில் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "இறக்கு, இறக்கு, இறக்கு, இறக்கு…" மூச்சு முட்டினாலும் நிறுத்தக் கூடாது. அவன் குரல் நின்றால் மேலே இருப்பவர் கை நிற்க வேண்டும். நிறுத்து என்று அவன் சொல்லத் தேவையில்லை, மௌனமே அதற்கு அர்த்தம். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொடுப்பதும் இதுதான், மறந்தால் மன்னிக்காததும் இதுதான்.

கிரேன் தூக்கிய கம்பிக் கட்டு ஒன்று விழுந்தது ஒரு சாதாரண காலை நேரத்தில். நல்ல வெயில், காற்றுக்கூட இல்லை. சுமையைச் சுற்றிக் கட்டிய பெல்ட் ஒரு பக்கம் நழுவியது. கட்டு சாய்ந்தது. கம்பிகள் உருவிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீழே பாய்ந்தன. கூண்டுக்குள் சத்தம் தாமதமாகத்தான் வந்தது. புழுதி எழும்பி அடங்கியபோது, சின்னவன் நின்ற இடத்தில் மண்ணில் கம்பிகள் நட்டுக்கொண்டு நின்றன. சின்னவன் இல்லை. அவன் ஓரத்தில் கிடந்த ஒரு பலகையைத் தள்ளிப்போடக் கொஞ்சம் அப்பால் போயிருந்தான். அவ்வளவுதான். அந்தப் பலகை அங்கே கிடந்திராவிட்டால் என்ன என்று நினைத்துப் பார்க்க உச்சாணியால் முடியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

விசாரித்தார்கள். கீழே பெல்ட் கட்டினவர்களின் தவறு, ஆபரேட்டர் மேல் குற்றமில்லை என்று முடிவானது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று சொல்லிவைத்தவர்கள் யாரும் கிரேன் ஓட்டியதில்லை போலிருக்கிறது. மறுநாள் லீவரைப் பிடித்தபோது உச்சாணியின் வலது கை நடுங்கியது. தன் கைதானா என்று அவரே பார்த்தார். இடது கையால் அதன் மேல் ஓர் அடி போட்டார். அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

அதிலிருந்து பிடித்தது பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவருக்கு வெளிச்சத்திலும் பேய். கண்ணாடியில் ஒரு காக்கை வந்து மோதினால் தலையைக் குனிந்துகொண்டார். வடம் லேசாகக் கிறீச்சிட்டால் உடம்பெல்லாம் வேர்த்தது. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றின மாதிரி ஈரம். ஏணியில் பாதி ஏறியதும் ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார், கீழே இருந்து பார்க்கிறவர்களுக்குச் ஷூவில் கல் சிக்கினதுபோலத் தோன்றட்டும் என்று காலை உதறிக்கொண்டார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கீழே விழுந்தால் எழுந்து நின்றுவிடுவார்.

யாரிடம் சொல்வது? சூப்பர்வைசரிடம் சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள். உச்சாணி என்ற ஆளே இல்லாமல் போய்விடுவார். மனைவியிடம் சொன்னால், என் தம்பியை நாளையிலிருந்து அனுப்பமாட்டேன் என்பாள், அதற்கும் மேலாக, அவள் பார்க்கிற பார்வையைத் தாங்க வேண்டும். சின்னவனிடம் சொல்வதா? உன் தலைக்கு மேல் சுமை தூக்குகிற கை நடுங்குகிறதடா என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே டீக் குடிக்கும் இடத்தில் முன்னைவிடச் சத்தமாகப் பெருமை பேசினார். கேட்டவர்கள், ஆளுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று நினைத்தார்கள்.

ஒரு நாள் காலை, வேலைக்குப் போக ஷூ போட உட்கார்ந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு காலில் ஷூ, இன்னொரு ஷூ கையில். குனிய முடியவில்லை. இன்றைக்குச் சின்னவனைக் கொன்றுவிடுவேன் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியாது, ஆனால் யாரோ காதில் சொன்ன மாதிரி அவ்வளவு நிச்சயமாகத் தோன்றியது.

சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஜன்னலில் சாய்த்து வைத்த போனில் வழக்கம்போல ஏதோ மேல்மாடிப் பாட்டு. கிட்டார் டொங் டொங் என்று ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பாடினாள். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. இப்போதுதான் அழுது மூக்கைச் சிந்திவிட்டு வந்து பாடுகிற மாதிரி கரகரத்த குரல்.

"பயம் போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை,
பயத்தோடே வருகிறேன், கூட வாரும்."

உச்சாணி கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார்.

அவருக்குத் தெரிந்த பாட்டுகள் எல்லாம் தைரியசாலிகள் பாடுவது. பயப்படாதே, கலங்காதே, திடன்கொள். திடன்கொள்ள முடியாதவன் அந்தப் பாட்டுகளில் எங்கே போய் உட்காருவான்? இந்தப் பெண் ஒன்றையும் மறைக்கவில்லை. பயமாக இருக்கிறது, ஆனாலும் வருகிறேன், தனியாக வரமாட்டேன், நீரும் வாரும் என்கிறாள். ஆண்டவரிடம் இப்படியெல்லாம்கூடப் பேசலாமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துச் சிடுசிடுத்தார்.

"அந்தக் கிட்டார் பாட்டு… என்ன கருமமோ… திரும்பப் போடு. ஒரு வார்த்தையும் புரியல."

மனைவி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்த கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போய்த் திரும்பப் போட்டார். பாட்டு முடிவதற்குள் அவர் இரண்டாவது ஷூவையும் போட்டிருந்தார்.

கூண்டுக்குள் போனில் பாட்டுக் கேட்கத் தடை. அதனால் அவரே பாடினார். குரலா அது? தகர டப்பாவில் ஆணியைப் போட்டு உலுக்குகிற மாதிரி இருக்கும். ஏணியில் ஏறும்போது பாடினார். சுமை தூக்கும்போது, காதில் சின்னவனின் "இறக்கு, இறக்கு" ஓட, அதற்கு அடியில் வாய்க்குள்ளேயே முனகினார். பாட்டின் நடுவே, பாட்டில் இல்லாத வார்த்தைகளும் வந்து கலந்துகொண்டன. சின்னவனைப் பார்த்துக்கோ சாமி. என் கையைப் பிடிச்சுக்கோ. ஜெபம் என்று அதற்குப் பெரிய பேர் எல்லாம் வைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. பயம் போகவில்லை. ஆனால் ஏணியின் பாதியில் நிற்பது போய்விட்டது. கை நடுங்கினாலும், நடுங்கிக்கொண்டே சுமையை ஒழுங்காக வைத்தது.

வீட்டில் டிபன் பாக்ஸ் கழுவும்போது ஒருநாள் வாய்விட்டு அதே பாட்டை முனகினார். மனைவிக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, தைக்கிற மெஷினை வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தார் அந்தப் புண்ணியவதி.

இப்படியே போயிருந்தால் இதை ஆண்டவர் செய்த நன்மைக்கு ஒரு சாட்சியாக மேல்மாடியில் நின்று சொல்லியிருக்கலாம். போகவில்லை.

அன்று எல்லாருக்கும் புதுப் பாதுகாப்பு பெல்ட் கொடுத்தார்கள். மார்புக்குக் குறுக்கே அகலமான பட்டை, நடுவில் கனமான பக்கிள். உச்சாணி வாக்கிடாக்கியைக் கழுத்தில் மாட்டியிருந்தார், அதன்மேல் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டார். சுவருக்கு அச்சாக நிறுத்துகிற பெரிய இரும்புப் பலகை ஒன்றைக் கட்டடத்துக்குப் பின்னால் இறக்க வேண்டும். புதுச் சுவருக்கும் பழைய மதிலுக்கும் நடுவே சந்து மாதிரி இடம். அங்கே சின்னவன் நின்றான். மேலே இருந்து எதுவும் தெரியாது.

"மாமா, வந்துட்டீங்க. இறக்குங்க. இறக்கு, இறக்கு, இறக்கு…"

பலகை சுவருக்கு அப்பால் மறைந்தது. எட்டிப் பார்த்தால் ஏதாவது தெரியுமா என்று உச்சாணி முன்னால் சாய்ந்தார். பக்கிள் வாக்கிடாக்கியின் பேசுகிற பட்டனை அழுத்தியது. அழுத்தியபடியே நின்றுவிட்டது.

அந்தச் சனியன் பிடித்த கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. ஆனால் அவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். வாக்கிடாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவர் காதிலும், சூப்பர்வைசர் அறையிலும், சந்துக்குள்ளும், உச்சாணியின் தகரக் குரல் ஒலிக்க ஆரம்பித்தது.

"பயத்தோடே வருகிறேன், கூட வாரும்… கை நடுங்குது ஆண்டவரே. எத்தனை நாளா நடுங்குது, உனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்ல முடியல. சின்னவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. என் வீட்டுல வளர்ந்த புள்ள. அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அவன் மேல விழுறதுக்கு முன்னாடி என்னை எடுத்துக்கோ. பயத்தோடே வருகிறேன்…"

பாடிக்கொண்டே இறக்கினார். காதில் குரல் நின்றுபோனது அவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாளாக அந்தப் பாட்டும் அந்த "இறக்கு"ம் ஒன்றாகவே ஓடிப் பழகியதால், ஒன்று ஓடும்போது மற்றதும் ஓடுவதாகக் காது தானாகவே நினைத்துக்கொண்டது. மௌனம் வந்து உட்கார வேண்டிய இடத்தில் அவர் பாட்டு போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் சரணம் முடிந்ததும் அந்தப் பாட்டில் ஓரிடம் உண்டு. டிரம்ஸ், கிட்டார் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகுதான் அந்தப் பெண் தனியாகத் தொடங்குவாள். இந்தப் புதுப் பாட்டுக்காரர்களின் வித்தை அது. உச்சாணியும் பயபக்தியாக அந்த இடத்தில் வாயை மூடினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

கை நின்றது. அவர் நிறுத்தினார் என்று சொல்வது சரியில்லை, கை தானாக நின்றது. "சின்னவா" என்றார். பதில் இல்லை. "டேய் சின்னவா." வடம் சுவருக்கு அப்பால் அசையாமல் தொங்கியது. தூக்கினால் யாரை இழுக்குமோ, இறக்கினால் யாரை நசுக்குமோ, எதுவும் செய்யத் துணிவில்லாமல் இரண்டு கையையும் லீவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டடத்தின் முன்புறம் சூப்பர்வைசர் ஓடிவந்து, கைகளைத் தலைக்கு மேல் குறுக்கே ஆட்டி, பிறகு தன் மார்பைத் திரும்பத் திரும்பத் தட்டிக் காட்டினார். உச்சாணி குனிந்து தன் மார்பைப் பார்த்தார். பக்கிளைப் பிடித்து இழுத்தார்.

"—மாமா, தூக்குங்க. கொஞ்சமா. மெதுவா. தூக்கு, தூக்கு, தூக்கு…"

அழுகிற குரல். ஆனால் விடாமல் சொன்னது.

பலகை காற்றில் திரும்பி, இறங்க இறங்க அவன் பக்கம் சாய்ந்து, சின்னவனை மதிலோடு சேர்த்து அடைத்துவிட்டிருந்தது. அவன் நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம்தான் மிச்சம். தோளில் நல்ல சிராய்ப்பு, மணிக்கட்டில் சுளுக்கு. வேறொன்றுமில்லை.

உச்சாணி இறங்கி வந்தபோது எல்லாரும் வழிவிட்டு நின்றார்கள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சின்னவனை முதலுதவிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

"மேல உட்கார்ந்து கச்சேரி நடத்துறீங்களா?" என்று ஆரம்பித்தார் சூப்பர்வைசர். ஆனால் அவர் குரலே பாதியில் இறங்கிவிட்டது. "எல்லாத்தையும் கேட்டேன்யா. இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

உச்சாணி பெல்ட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"பெல்ட் மேல தப்பு இருக்கு, அதை மாத்தச் சொல்லிட்டேன். ஆனா குரல் நின்னதும் நீங்க நிறுத்தல. இனிமே நீங்க ஏறுறதா வேண்டாமான்னு நான் சொல்லமாட்டேன். கீழ நிக்கிறவன் சொல்லணும். அவன் சரின்னா ஏறுங்க."

அதுவரை சாமான் அறையில் பழைய பெல்ட்டுகளைப் பிரித்துப் போடுகிற வேலை. உச்சாணி தரையில் உட்கார்ந்து பிரித்துப் போட்டார். சின்னவன் விடுப்பில் இருந்தான். அக்கா வீட்டுக்குச் சாப்பிடவும் வரவில்லை. அக்காவே சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் சொல்லித்தான் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. திரும்பி வந்தவள் கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை பாத்திரம் கழுவும்போது போனில் பாட்டைப் போட்டாள். "அதை நிறுத்து" என்றார் உச்சாணி. அவள் நிறுத்திவிட்டாள்.

பழைய பயம் கையில் இருந்தது. இந்தப் புதுப் பயம் அதைவிட மோசம். கூட வாரும் என்று கெஞ்சினேனே, வந்தவர் இதற்காகத்தான் வந்தாரா? என் பாட்டை வைத்தே அவனைக் கொல்லப் பார்த்தாரா? இல்லை, அங்கே யாருமே இல்லாமல், ஒரு பைத்தியக்காரன் வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருந்தேனா? இந்த இரண்டில் எது அதிகப் பயம் என்று அவருக்குத் தெரியவில்லை. சாமான் அறையைக் கடந்துபோன கலவை மெஷின்காரர் ஒருவர் தன்னை அறியாமல் "பயத்தோடே வருகிறேன்" என்று முனகிக்கொண்டே போனார். உச்சாணி எழுந்து கதவைச் சாத்தினார்.

வாரக் கடைசியில் சாயங்காலம் சின்னவன் வந்தான். மணிக்கட்டில் கட்டு. வழக்கமாக உட்காருகிற இடத்தில், மெஷின் பக்கத்து முக்காலியில், உட்கார்ந்தான். உச்சாணி எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"உட்காருங்க மாமா."

உட்கார்ந்தார்.

"பலகை வந்து அடைச்சப்ப நான் கத்தினேன். நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தினேன். பட்டனை அமுக்கி அமுக்கிக் கட்டை விரல் வலிச்சுது. உங்களுக்குக் கேக்கலன்னு புரிஞ்சுபோச்சு. ஏன்னா நீங்க பாடிட்டே இருந்தீங்க." அவன் மூச்சை இழுத்துவிட்டான். "அப்புறம் கத்துறதை விட்டுட்டேன். எப்படியும் செத்துடுவேன்னு தெரிஞ்சுது. அப்பதான் நீங்க சொல்றது காதுல விழுந்துச்சு. இரும்பு மேல வந்துக்கிட்டே இருக்கு. நீங்க என்னைக் காப்பாத்தச் சொல்லி அழுதுக்கிட்டே அதை இறக்கிட்டு இருக்கீங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். உச்சாணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"உங்க மேல கோவமே வரல மாமா. அதான் எனக்கு ஆச்சரியம். அம்மா முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல. இவ்வளவு தூரம் எனக்காக ஒரு ஆளு யார்கிட்டயாவது கெஞ்சுவாங்கன்னு நான் நினைச்சதில்ல. சாகும்போது அதைக் கேட்டுட்டுச் சாகலாம்னு இருந்துச்சு. அப்ப நின்னுது." பிறகு கேட்டான். "ஏன் மாமா நிறுத்துனீங்க?"

"பாட்டுல அந்த இடத்துல ஒரு மூச்சு நிறுத்துவாங்கடா" என்றார் உச்சாணி, கையை எடுக்காமல். "அங்க நான் வாயை மூடினேன். உன் குரலைக் காணோம்."

தெருவில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

"நாளை மறுநாள் நான் வேலைக்கு வர்றேன்" என்றான் சின்னவன். "நீங்கதான் ஏறணும்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்."

"வேண்டாம்டா" என்று அலறினாள் அக்கா. அவள் அந்த வாரத்தில் போட்ட முதல் சத்தம் அது. "வேற ஆள் ஏறட்டும். நீ வேற வேலை பாரு. எனக்கு நீங்க ரெண்டு பேரும் வேணும்."

"வேற ஆளு பயப்படுறானா இல்லையான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? இவரு பயப்படுறாருன்னு தெரியும்."

"நான் ஏறமாட்டேன்" என்றார் உச்சாணி. "என் கையை நானே நம்பல. சாமியையும் நம்புறேனான்னு தெரியல. உன்னை வெச்சு நான் சோதிச்சுப் பார்க்கமாட்டேன் மாப்ள."

"நம்பிட்டா ஏறச் சொன்னேன்? பயத்தோடவே வாங்க. ஆனா இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு வாங்க. நான் பேசுறேன், நீங்க கேளுங்க."

அவர் ஏறினார். பெரிய தைரியம் வந்து ஏறியதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏணியின் பாதியில் பழையபடி ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை காலை உதறி நடிக்கவில்லை. கீழே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும் என்று நின்றார். பிறகு ஏறினார். வாக்கிடாக்கியைப் பெல்ட்டுக்கு வெளியே, தோளுக்குப் பக்கத்தில் மாட்டினார். பட்டனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கையுறைக்குள் ஈரம். வலது கை நடுங்கியது.

முதல் சுமையே பின்புறத்துக்குத்தான். அதே சந்து, அதே மாதிரிப் பலகை. வடம் சுவருக்கு அப்பால் போய் மறைந்தது. உச்சாணி பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். பாட்டு தொண்டை வரை வந்து முட்டியது. விழுங்கினார். பாட்டு இல்லாத அந்த உச்சியில் அவ்வளவு தனியாக அவர் என்றுமே இருந்ததில்லை.

"மாமா, நான் இங்க இருக்கேன்" என்றது காது. "இறக்குங்க."

இறக்கினார்.

"இறக்கு, இறக்கு, இறக்கு…" என்று வந்த குரல் நடுங்கியது. அவனுக்கும் பயம். இரும்பு மேலிருந்து வருவதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான், பயமில்லாமல் இருக்குமா? நடுக்கத்தில் எங்கே குரல் நின்றுவிடுமோ என்று உச்சாணி மூச்சைப் பிடித்துக் கேட்டார். குரல் ஒருமுறை தடுமாறியது. அவர் கை உடனே நின்றது.

"ஒண்ணுமில்ல மாமா. எச்சில் முழுங்கினேன். இறக்குங்க." பிறகு அந்தக் குரல் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் தேடுகிற மாதிரி கொஞ்சம் மேலே போய், கொஞ்சம் கீழே வந்து, ஒரு மெட்டில் போய் நின்றது. "இறக்கு… இறக்கு… இறக்குங்க மாமா… இறக்கு…"

அந்தக் கரகரத்த பெண்ணின் மெட்டு. ஒரு வார்த்தைகூட அதில் பாட்டின் வார்த்தை இல்லை. வாக்கிடாக்கி வைத்திருந்த எல்லாருக்கும் கேட்டது, ஒருவரும் குறுக்கே பேசவில்லை. சூப்பர்வைசர்கூட.

உச்சாணியின் கண் மறைத்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. நடுங்குகிற கையோடு, அந்தக் குரல் எவ்வளவு இறக்கச் சொன்னதோ அவ்வளவு மட்டும் இறக்கிக்கொண்டிருந்தார்.